ஹை-பாயிண்ட் வெடிக்கும் என்பது சரியில்லை

ஹை-பாயிண்ட் சி9 என்ற அமெரிக்கக் கைத்துப்பாக்கி பற்றி தண்டையார்பேட்டை அண்ணன் மேலே எழுதியதில் இரண்டு விஷயம் தப்பு. “ஹை-பாயிண்ட் சி9 ஸ்லைடு துத்தநாகக் கலவை, அதனால் கையிலேயே வெடிக்கும், லைசென்ஸ் இருந்தால் இங்கேயும் வாங்கலாம்” என்கிறார்.

ஸ்லைடு (சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பாகம்) துத்தநாகக் கலவைதான். ஆனால் வெடியின் அழுத்தத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகு பேரல் (குழல்). இது ப்ளோபேக் வகை: ஸ்லைடையும் பேரலையும் பிணைக்கும் பூட்டு கிடையாது, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் சுடும் நொடியில் பேரலின் பின்வாயை மூடிப் பிடித்து வைக்கின்றன. அதனால்தான் அம்மிக்கல் மாதிரி அவ்வளவு கனம்.

அமெரிக்காவில் வைத்திருப்பவர்கள் அதிகம் புலம்புவது வேறு விஷயத்துக்கு: தோட்டா சிக்கும். பல நேரம் காரணம் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி). அதன் வாய் விளிம்பு கொஞ்சம் வளைந்தாலும் தோட்டா மூக்கு தப்பான கோணத்தில் ஏறி, பேரலின் பின்வாயில் முட்டி நிற்கும். மூக்கில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் தோட்டாவில் இன்னும் தொல்லை. விளிம்பைச் சரிசெய்த பிறகு ஒழுங்காகச் சுடுகிறது என்பவர்களும் நிறைய. ஆயுள் வாரண்டி உண்டு, கை மாறினாலும் செல்லும். (அழகை எதிர்பார்க்காதீர்கள்.)

அப்புறம், சி9 சுடுவது 9 மிமீ தோட்டா; அது இங்கே இந்தியாவில் தடை செய்யப்பட்ட போர் (bore, குழலின் உள் அளவு). வேப்பேரி கமிஷனர் ஆபீஸில் சாதாரண லைசென்ஸ் வாங்கினாலும் .32 போர் மாதிரி தடை இல்லாததுதான் கிடைக்கும், இது கிடைக்காது.