கோலம் போடுவேன் என்று எழுதலாமா?

வித்தியாசமான பொழுதுபோக்குகளை வேலை விண்ணப்பத்தில் எழுதாமல் விடுவதே நல்லது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அதை என்னால் ஏற்க முடியவில்லை. குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்கான விரிவான விண்ணப்பத்திலேயே பொழுதுபோக்குக்கு இடம் உண்டு. 275 மதிப்பெண் நேர்காணலில் அதிலிருந்து கேள்வி வரும் என்று எதிர்பார்த்துத்தான் போகிறார்கள்.

பொய்யாக எழுதுவதுதான் ஆபத்து. நான் நேர்காணல் செய்த ஒரு தம்பி 'வானம் பார்த்தல்' என்று எழுதியிருந்தார். மாலையில் மேற்கே பளிச்சென்று தெரியும் வெள்ளியைப் பற்றிக் கேட்டதும் வாயடைத்துப் போனார். பிறகு அவர் சரியாகச் சொன்ன பதில்களைக்கூட நம்ப மனம் வரவில்லை. பாவமாக இருந்தது.

என் அக்கா மகள் மென்பொருள் வேலைக்கு 'சிக்குக் கோலம்' என்று எழுதினாள். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள், நான் மட்டும் இருக்கட்டும் என்றேன். நேர்காணலில் கேட்டார்கள். ஒரு தாளை வாங்கிப் புள்ளி வைத்து, சின்ன வடிவம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சேர்த்தால் பெரிய கோலம் எப்படி வளர்கிறது என்று போட்டே காட்டியிருக்கிறாள். அப்புறம், 1970களிலேயே சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் கோலத்துக்குக் கணினி இலக்கணம், அதாவது கோல வடிவங்களை உருவாக்கும் விதிகள், வகுத்ததையும் சொல்லியிருக்கிறாள். கோலம் போடுவது அவள் தினமும் வாசலில் செய்கிற வேலை. எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் பத்து நிமிடப் பேச்சே நடந்திருக்காது.