அந்தப் பொய் எப்போய்யா மாட்டும்?

காமெடிப் படம் என்று கூப்பிட்டுவிட்டு, கடைசி அரை மணி நேரம் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார வைக்கிற பழக்கத்தை எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்தான்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் காட்சி. படத்தின் பெயர் எதற்கு, உங்களுக்கும் இதே மாதிரி ஒன்று மாட்டியிருக்கும். மச்சான்தான் போனில் ஏற்றிவிட்டான். "மாமா, லாஜிக் பாக்காம போங்க, வயிறு வலிக்கச் சிரிக்கலாம்." சரி என்று அம்மா, மனைவி, பையன் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போனேன்.

கதை அரதப்பழசுதான். கல்யாணம் ஆனவனுக்குத்தான் வீடு என்கிறார் வீட்டுக்காரர். நம்மாள் ஒரு பெண்ணைப் பெண்டாட்டி என்று சொல்லிக் குடியேறுகிறான். வீட்டுக்காரர் ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிற ஜென்மம். குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க பாத்ரூமுக்குள் போகிறவர், குவளையில் ஒரே ஒரு டூத் பிரஷ் இருப்பதைப் பார்க்கிறார். எடுக்கிறார். குவளையைக் கவிழ்த்துத் தட்டுகிறார். மறுபடி எண்ணுகிறார். ஒன்றுதான். "ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் சார், அன்பு" என்கிறான் நம்மாள். வாத்தியார் முகம் அஷ்டகோணலாகி, பிரஷ்ஷை இரண்டு விரலால் பிடித்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறார், கழுவிக்கொண்டே இருக்கிறார். தியேட்டரே உருண்டது. என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடைவேளையில் அந்தப் பெண்ணின் நிஜ அப்பாவே மாடிக்குக் குடிவருகிறார். விசிலடிக்கத் தெரியாத நானே வாயில் விரலை வைத்து வெறும் காற்று ஊதினேன்.

அப்புறம்தான் வந்தது வினை.

திடீரென்று நான்கு சுமோ. படத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் தலையைக் காட்டாத ஒரு தாடிக்காரன் இறங்கி, அந்தத் தெருவே எனக்கு வேண்டும் என்கிறான். இவ்வளவு நேரம் எங்கே ராசா இருந்தாய்? அடுத்து குடோன். காலி டிரம், அட்டைப்பெட்டி, யாருமே வெல்டிங் செய்யாத இடத்தில் பொறி பறக்கிறது. அதுவரை கரப்பான்பூச்சிக்குப் பயந்து நாற்காலியில் ஏறி நின்ற நாயகன் இருபது பேரைப் பறக்கவிடுகிறான். நடுவில் வாத்தியாருக்குக் கத்திக்குத்து. மழை. வயலின். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, "இருபத்துநாலு மணி நேரம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்" என்கிறார். வாசலில் பத்து மைக். நாயகன் பேச ஆரம்பிக்கிறான். வாடகை வீட்டுக்காரனும் மனுஷன்தான் என்று தொடங்கி, தண்ணீர்ப் பஞ்சம், விவசாயி, செல்போன் மோகம், முதியோர் இல்லம் என்று ஒன்றையும் விடவில்லை. பையன் என் சட்டையை இழுத்து, "அப்பா, வேற படம் போட்டுட்டாங்களா?" என்றான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன் ஐயா. பொய் மாட்டும் காட்சி பாக்கி இருக்கிறதே, அதற்காக. மாடியில் அப்பன், கீழே வாத்தியார், நடுவில் திருட்டுக் கல்யாணம். இது வெடிக்கிற நேரத்துக்குத்தானே காசு கொடுத்தேன்?

வாத்தியார் கண் விழிக்கிறார். இருவர் கையையும் சேர்த்துப் பிடிக்கிறார். "எனக்கு எல்லாம் முதல்லேயே தெரியும்ப்பா." சுபம்.

தெரியுமா? என்ன தெரியும்? தெரிந்த மனுஷன் குவளையைக் கவிழ்த்து எதற்குத் தட்டினார்? தெரிந்திருந்தால் ஒரு பிரஷ் இருப்பதில் என்ன அதிசயம்? அந்த முகம் எதற்கு அஷ்டகோணலானது? கையை ஏன் அத்தனை நேரம் கழுவினார்? பாத்ரூமில் அவரும் குழாயும் மட்டும்தானே இருந்தார்கள், யாருக்காக நடித்தார், குழாய்க்காகவா? சரி, அவருக்குத் தெரியும். மாடியில் இருந்த அப்பா? அவரை அதற்கப்புறம் காட்டவே இல்லை. இன்னும் அந்த மாடியிலேயே இருக்கிறார் போல. படி இறங்கும்போது அம்மாவும் அதையேதான் கேட்டார்: "ஏம்ப்பா, மேல குடிவந்த அந்த மனுஷன் சாப்பிட்டாரா இல்லையா?"

ஒரு பொய்யை இரண்டு மணி நேரம் ஊதி ஊதிப் பெரிதாக்கினால், அதை ஊசியால் குத்த வேண்டியதும் நீதான். 1981-இல் 'தில்லு முல்லு' வந்தது. ரஜினியின் ஒரு ஒட்டு மீசை, அவ்வளவுதான் மூலதனம். அந்த மீசையும் அதை நம்பி ஏமாந்த முதலாளி தேங்காய் சீனிவாசனும் எப்போது நேருக்கு நேர் முட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்றுதானே உட்கார்ந்திருக்கிறோம், ரஜினி மாட்டவும் மாட்டுவார். 1990-இல் 'மைக்கேல் மதன காமராஜன்'. நான்கு கமல், அத்தனை ஆள்மாறாட்டம். எல்லோரையும் மலை விளிம்பில் இருக்கும் ஒரு வீட்டுக்குள் திணித்து, வீட்டையே சாய்த்துவிட்டார்கள். சாய்கிற வீடு சாப்ளின் 1925-லேயே 'தி கோல்ட் ரஷ்' படத்தில் செய்ததுதான், இருக்கட்டுமே, நல்ல இடத்தில் எடுத்தால் தப்பில்லை. உயிர் போகிற நேரத்திலும் சிரிப்பு நிற்கவில்லை பாருங்கள். அதிலும் அடிதடி உண்டு, வில்லன் உண்டு. யாரும் மைக் பிடிக்கவில்லை.

இப்போது எடுப்பவர்களுக்கு சிரிப்பு என்றால் ஏதோ கௌரவக் குறைச்சல். கடைசியில் ஒரு கருத்து சொல்லாவிட்டால் ஜாமீன் கிடைக்காது என்று யாரோ மிரட்டி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் மச்சானிடமிருந்து மெசேஜ். "என்ன மாமா, வயிறு வலிச்சுதா?" வலித்தது. அது இடைவேளையில் தின்ற முட்டை பப்ஸ். ஆறிப்போன பப்ஸ் ஒன்றுக்கு எண்பது ரூபாய், அதையும் யோசித்தபடி இருட்டில் நானே சிரித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த மெசேஜ். "கிளைமாக்ஸ்ல நான் அழுதுட்டேன் மாமா."

அழுவான். பொங்கலுக்கு வாங்கிப்போன ஐந்து லிட்டர் குக்கரை இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்டால் கேஸ்கெட் மாற்றக் கொடுத்திருக்கிறானாம். எத்தனை மாசமாய்யா ஒரு கேஸ்கெட் மாற்றுவார்கள்?