மெதுவாக ஓட்டுபவர் முன்னால் போகட்டும்

மறைந்த அப்பாவின் நினைவாகக் குடும்பமே சேர்ந்து சைக்கிளில் போனதைப் பற்றிய இந்தக் கட்டுரையைப் படித்து மனம் நெகிழ்ந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அண்ணன் போன பிறகு வருடா வருடம் இப்படிப் போகிறோம். அவருடைய சைக்கிளை அவர் மகள்தான் ஓட்டுவாள். கைப்பிடி உறையில் அவர் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த இடம் இருக்கிறது. உறையை மாற்றவே விடமாட்டாள்.

கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யார் மெதுவாக ஓட்டுகிறாரோ அவரை முன்னால் விடுங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் பம்ப், மாற்று டியூபுடன் கடைசியில் வரட்டும். பெரியவர்கள் முன்னே பறந்துவிட்டால் குழந்தைகள் துரத்திப் பிடிக்கப் பார்த்தே களைத்துப் போவார்கள். அமெரிக்காவின் டல்லாஸில் 2003-இல் தொடங்கிய 'ரைட் ஆஃப் சைலன்ஸ்', சாலையில் உயிரிழந்த சைக்கிள் ஓட்டிகளுக்கான மௌனப் பயணம். அதிலேயே மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. குடும்பம் என்றால் இன்னும் மெதுவாகவே போகலாம். ஆனால் மௌனம் வேண்டாம் என்பேன். "பெரியப்பா இந்த மேட்டை இறங்காமலே ஏறுவாரா?" என்று எங்கள் பிள்ளைகள் கேட்பதே அப்போதுதான்.

அப்புறம், முந்தின நாளே டயரில் காற்றையும் பிரேக்கையும் பார்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் கிடந்த சைக்கிள்கள்தான் அன்றைக்கு நிறைய வரும்.