அட்டைக்கு இங்கே ஜெயில், அங்கே லைசென்ஸ்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கிடப்பது சுமார் 30 கிலோமீட்டர் கடல். அதில் ஒரு கடல் அட்டை மெதுவாக ஊர்ந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால் அதற்கான சட்டமே மாறிப்போகும். இந்தப் பக்கம் இருக்கும்வரை அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கிறது. 2001-ல் சேர்த்தார்கள். பிடித்தாலும் விற்றாலும், ஏன் வீட்டில் காயப்போட்டிருந்தாலும் 3 வருடத்தில் இருந்து 7 வருடம் வரை சிறை. கோட்டைத் தாண்டிவிட்டால் அதே அட்டை இலங்கையின் ஏற்றுமதிச் சரக்கு. லைசென்ஸ் எடுத்துக் குளித்துப் பிடிக்கலாம், யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கம் பண்ணை போட்டு வளர்க்கலாம், அவித்துக் காயவைத்துச் சீனாவுக்கு அனுப்பலாம்.

இந்த ஓட்டையில்தான் கடத்தல் குடித்தனம் நடத்துகிறது. எங்கள் ராமநாதபுரம் கரையில் மண்டபம், வேதாளை, தேவிபட்டினம், தொண்டி என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறி மாறிச் செய்தி வந்துகொண்டே இருக்கும், இத்தனை கிலோ அட்டை பறிமுதல், இத்தனை பேர் கைது என்று. ராத்திரியோடு ராத்திரியாக அந்தக் கரையில் இறங்கிவிட்டால் அது எந்தக் கடலில் பிடித்த அட்டை என்று எந்த அதிகாரியும் பார்த்துச் சொல்ல முடியாது, அங்கே சட்டப்படி பிடித்த அட்டையோடு கலந்து அதே பெட்டியில் கப்பல் ஏறிவிடும். நாம் அடைத்த கதவுக்குப் பக்கத்திலேயே அவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இருக்கிறதா என்றால், இல்லை. அடுத்து அதைத்தான் சொல்லப்போகிறேன், எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

இழுவை மடியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலின் அடித்தரையைச் சுரண்டிக்கொண்டு போகும் அந்த வலையை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. கொண்டுவந்தது அரசாங்கம்கூட இல்லை, அப்போது யாழ்ப்பாணத்து எம்.பி.யாக இருந்த சுமந்திரன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், பின்னால் யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்களின் பல வருஷ அழுத்தம் இருந்தது. இங்கே நாம் அதே வலைக்கு டோக்கன் கொடுத்து அனுப்புகிறோம். நம்முடைய 1983-ம் வருடத்துக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகு கரையோரத்தில் இழுக்கக்கூடாது என்கிறது. ராமேஸ்வரத்தில் இருந்து எல்லைக் கோடு எவ்வளவு தூரம் என்று கடலுக்குப் போகிற யாரையும் கேளுங்கள். அந்தக் கரையோரத்தைக் கழித்தால் மிஞ்சுகிற பட்டையில் இத்தனை படகும் இழுத்தால் என்ன கிடைக்கும்? சங்காயம்தான் கிடைக்கும். குஞ்சும் நண்டுப்பொடியும் கூளமுமாக அள்ளி, கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் கிலோக் கணக்கில் போடுகிற அந்தச் சரக்குக்காக ஒருவன் டீசல் ஊற்றி, கோட்டைத் தாண்டி, படகையும் இழந்து சிறைக்கும் போய் வருகிறான்.

ஆக, அட்டையைப் பாதுகாக்க நம்மிடம் கடும் சட்டம், அதன் பயனை அவர்கள் சட்டம் கெடுக்கிறது. தரையைப் பாதுகாக்க அவர்களிடம் கடும் சட்டம், அதை நம் படகு கெடுக்கிறது. அட்டை வாழ்வதே அந்தத் தரையில்தான் என்பதை யோசித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒப்பந்தம் இல்லாமல் இல்லை. ஒப்பந்தம் ஏராளமாக இருக்கிறது. 1992 ரியோவில் உயிரினப் பன்மய உடன்படிக்கை, அதை வைத்து நாம் 2002-ல் போட்ட சட்டம், அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கு சைட்ஸ், வலசை போகும் உயிர்களுக்குத் தனி உடன்படிக்கை, 2022-ல் மன்னார் வளைகுடா ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் ஏறியது. அதே வருடம் டிசம்பரில் மாண்ட்ரியாலில் கூடி 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்போம் என்று உலக நாடுகள் எல்லாம் கைதட்டின. ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் சுவரில் மாட்ட இடம் போதாது. ஆனால் இவற்றில் எதுவும் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், இந்தப் படகும் அந்தப் படகும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி சொல்வதில்லை. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 123-வது பிரிவு, நாடுகள் சுற்றி வளைத்திருக்கும் கடலைப் பங்கிடுகிறவர்கள் அதன் உயிர் வளத்தைச் சேர்ந்து பார்த்துக்கொள்ள முயல வேண்டும் என்கிறது. முயல வேண்டும், அவ்வளவுதான். (வடகடலை இரண்டு நாடும் வரலாற்று நீர்ப்பரப்பு என்று சொந்தம் கொண்டாடுவதால் அந்தப் பிரிவு இங்கே செல்லுமா என்றே வக்கீல்கள் இரண்டு நாள் வாதாடலாம்.)

எனக்கு அதைவிட எரிச்சல் தருவது 1974 ஒப்பந்தம். கச்சத்தீவு என்ற ஒரே சொல்லுக்காக மேடை மேடையாகப் பேசுகிறார்களே, அதே தாள்தான். அதில் 7-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. எல்லைக் கோட்டுக்கு அடியில் பெட்ரோலோ எரிவாயுவோ கனிமமோ, மணல், சரளைகூட, இரண்டு பக்கமும் பரவிக் கிடந்தால் இரு நாடும் கலந்து பேசி எப்படி எடுப்பது, வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்று முடிவு செய்ய வேண்டும் என்கிறது. மன்னார் வளைகுடாவுக்கு 1976-ல் போட்ட ஒப்பந்தத்திலும் இதே மாதிரி உண்டு. சரளைக் கல் கோட்டைத் தாண்டிக் கிடக்கலாம் என்று யோசித்த மூளைக்கு, இறாலும் நண்டும் தினம் கோட்டைத் தாண்டுகிறது என்று தோன்றவில்லை. மீனுக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. 50 வருஷமாக வடகடலில் நடக்கிற கைது, துப்பாக்கிச் சூடு, படகு பறிமுதல் எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஒரு பிரிவு இல்லாததுதான் என்று சொல்லமாட்டேன், போர் நடந்த வருஷங்கள் தனிக் கதை. ஆனால் அப்படி ஒன்று இருந்திருந்தால் பேசுவதற்கு ஒரு மேசையாவது இருந்திருக்கும்.

ஆவுளியாவைப் பாருங்கள். கடல் பசு என்று இப்போது பாடப்புத்தகத்தில் போடுகிறார்கள், எங்கள் பக்கம் ஆவுளியா. அது கடல்புல்லைத் தவிர வேறு எதுவும் பெரிதாகத் தின்னாது, சில வருஷத்துக்கு ஒருமுறைதான் ஒரு குட்டி போடும், ஒன்று வலையில் மாட்டி மூச்சுத் திணறிச் செத்தால் அந்த இடத்தை நிரப்ப அத்தனை காலம் ஆகும். 2008-ல் இந்தியா ஆவுளியாவுக்கான பன்னாட்டுப் புரிந்துணர்வில் கையெழுத்துப் போட்டது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா காப்பகமாக அறிவித்தது. நல்ல வேலை, மனசாரப் பாராட்டுகிறேன், மாட்டியதை வலையை அறுத்துக் கடலில் விடும் மீனவருக்குப் பரிசும் கொடுக்கிறார்கள். ஆனால் இலங்கையின் மன்னார்க் கரையிலும் புல் இருக்கிறது, ஆவுளியாவும் இருக்கிறது. இந்தப் பக்கத்தை மட்டும் காப்பகமாக்கினால் அதற்கு வேலி எங்கே போடுவீர்கள்?

உலகச் சட்டம் நம் கரையை நேரடியாகத் தொட்டதே இல்லையா என்று கேட்டால், தொட்டிருக்கிறது. பணம் வருகிற வழியில் தொட்டிருக்கிறது. இழுவை வலையில் ஆமை தப்பிக்கும் கருவி வைக்காத நாட்டு இறாலை வாங்கமாட்டேன் என்று அமெரிக்கா சொன்னது, நாம் மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்தோடு சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டோம், 1998-ல் தீர்ப்பு நம் பக்கம்தான் வந்தது. ஆனால் அமெரிக்கா சட்டத்தை எடுக்கவில்லை, செயல்படுத்தும் விதத்தை மாற்றிக்கொண்டது, கடைசியில் 2019-ல் இந்தியக் கடல் இறாலுக்குக் கதவைச் சாத்தியே விட்டது. அதற்குப் பிறகுதான் ஆமைக் கருவியைப் பற்றி இங்கே மும்முரமாகப் பேசத் தொடங்கினார்கள். அமெரிக்கா செய்தது நியாயமா என்பது வேறு. விலை போகாவிட்டால்தான் சட்டம் காதில் விழுகிறது.

பாசிக் கதையும் இதில் சேரும். எங்கள் பெண்கள் தலைமுறையாக மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் எடுத்துப் பிழைத்த கடல் இது. 1986-ல் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு அவர்கள் தீவுப் பக்கம் போனால் குற்றம். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி போன்றவர்கள் சங்கம் சேர்த்து, மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம், கையால்தான் எடுப்போம் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துப் போராடினார்கள், அந்த அம்மாவுக்கு 2015-ல் அமெரிக்காவில் சீக்காலஜி விருது கொடுத்தார்கள். அதே காலத்தில் அரசு ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக வந்த வெளிநாட்டுப் பாசி கப்பாபைகஸ், மண்டபத்தில் மிதவை கட்டி வளர்க்கப்பட்டது. அது குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் போர்வை மாதிரி படர்ந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்நிய உயிரினத்தைத் தடுக்க வேண்டும் என்று ரியோ உடன்படிக்கையின் 8-வது பிரிவு சொல்கிறது. அதே உடன்படிக்கையின் இன்னொரு விதி, உயிர் வளத்தில் கிடைக்கும் லாபத்தைப் பகிர வேண்டும் என்கிறது. இந்தப் பாசியை ஏற்றுமதி செய்த நிறுவனம் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்கு 30 லட்சத்துக்கு மேல் உரிமைத்தொகை கட்டியது. ஒரு பிரிவின்படி வந்திருக்கவே கூடாத பாசிக்கு இன்னொரு பிரிவின்படி பங்குப் பணம்!

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். தடைகளைப் பரிமாறிக்கொள்ளச் சொல்கிறேன். அவர்கள் கடலில் தானாக வளரும் அட்டையைப் பிடிப்பதை நிறுத்தட்டும் அல்லது எங்கிருந்து வந்தது என்று தடம் பிடிக்க முடிகிற பண்ணை அட்டைக்கு மட்டும் ஏற்றுமதி அனுமதி கொடுக்கட்டும். பதிலுக்கு நாம் வடகடலில் இழுவை மடியைத் தேதி வைத்து நிறுத்த வேண்டும். அங்கே உள்ள தடையை இங்கே மதிப்பது, இங்கே உள்ள தடையை அங்கே மதிப்பது. அவர்களும் நமக்கு ஒத்து வருகிற மாதங்களில் வலையை ஏற்றி வைக்கட்டும். இப்போது ஏப்ரல் 15-ல் இருந்து 61 நாள் நாம் மட்டும் படகைக் கட்டி வைக்கிறோம். மீனுக்கு ஓய்வு தருவதற்கான அந்த நாட்கள், நம் விசைப்படகு வராததால் வலை அறுபடாத நாட்களாக அவர்களுக்கு இருக்கிறது.

நிறுத்துவது சும்மா நடக்காது, தெரியும். 2017-ல் விசைப்படகை ஆழ்கடல் படகாக மாற்றும் திட்டம் வந்தது. 80 லட்சம் ரூபாய்ப் படகு, பாதியை மத்திய அரசும் ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசும் கொடுக்கும், மீதிக்கு வங்கிக் கடன், கைப்பணம். எதிர்பார்த்த அளவுக்கு ஆள் வரவில்லை. காலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகியவனை வாரக்கணக்கில் சூரை மீன் பிடிக்கப் போ என்றால் படகு மட்டும் போதாது, துறைமுகம் வேண்டும், பழக்கம் வேண்டும், சூரைக்கு விலை வேண்டும். எனக்கு இது திட்டத்தின் தோல்வியாகத் தெரியவில்லை, அவசரப்பட்டதாகத் தெரிகிறது. படகை அரசே நல்ல விலைக்கு வாங்கி உடைப்பதுதான் நேரான வழி. அதற்குப் பணம் இல்லை என்பார்கள்.

இரண்டு நாட்டுக்கும் சண்டை இருக்கும்போது இதெல்லாம் நடக்குமா என்பவர்களுக்கு ஒரு தகவல். பிலிப்பைன்ஸ் மலேசியாவின் சபா மாநிலத்தையே தன்னுடையது என்று சொல்கிற நாடு. அந்த வழக்கு தீராமலேயே, 1996-ல் சபாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் நடுவில் கோட்டின் இரு பக்கமும் கிடக்கும் 9 ஆமைத் தீவுகளைக் கூட்டுக் காப்பகமாக்கி இரண்டு நாடும் கையெழுத்துப் போட்டன. சபா யாருக்கு என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு ஆமை முட்டையைப் பற்றி மட்டும் பேசினார்கள். கச்சத்தீவு பேச்சையும் நாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு அட்டையில் இருந்து தொடங்கலாம்.

2016-ல் இரு நாடும் மீன்வளத்துக்குக் கூட்டுப் பணிக்குழு ஒன்று அமைத்தன. அது இன்னும் இருக்கிறது. அதில் அதிகாரிகளோடு கடலோரக் காவல்படையும் உட்காருகிறது. நாட்டுப்படகுக்காரருக்கும், பாசி எடுக்கும் பெண்களுக்கும், மன்னார்ச் சங்கத்து ஆட்களுக்கும் நிரந்தர நாற்காலி போட்டு, அட்டை, இழுவை மடி, ஆவுளியா, தடைக்கால மாதம் என்று நான்கை மட்டும் பேசி, பேசியதைத் தமிழில் எழுதி இரண்டு கரையிலும் ஒட்டட்டும். அடுத்து ஓட்டுக் கேட்டு பாம்பன் பாலம் தாண்டி வருகிறவர்களிடம் நான் கேட்கப்போவது இதைத்தான், கச்சத்தீவை எப்போது மீட்பீர்கள் என்று கேட்கமாட்டேன்.