பீரங்கி சரி, எரிபொருள் எங்கே?

1906-இல் பிரிட்டன் இறக்கிய ‘டிரெட்நாட்’ கப்பலில் தொடங்கிய போர்க்கப்பல் போட்டியை உங்கள் கட்டுரை நன்றாகவே சொல்கிறது. ஆனால் எரிபொருளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! நிலக்கரி ஏற்றும் நாளில் மாலுமிகள் மூட்டை மூட்டையாகச் சுமந்து, தலை முதல் கால் வரை கரி அப்பி நிற்பார்கள். எண்ணெய்க்குக் குழாயை மாட்டினால் போதும், வேகமும் கூடும். சிக்கல் என்னவென்றால், பிரிட்டனில் கரி ஏராளம், எண்ணெய்தான் இல்லை. அதனால்தான் 1914-இல், முதல் உலகப் போர் மூளும் முன்பே, கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் முன்னின்று, பாரசீகத்தில் (இன்றைய ஈரான்) எண்ணெய் எடுத்த ஆங்கிலோ-பெர்சியன் எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை அரசை வாங்க வைத்தார். விலை சுமார் 20 லட்சம் பவுன். பாரசீகத்துக்கோ, 1901-இல் டார்சி என்ற பிரிட்டிஷ் தொழிலதிபருக்கு எண்ணெய் உரிமையை எழுதிக் கொடுத்து, பின்னர் இந்த நிறுவனத்தின் கைக்கு வந்த ஒப்பந்தப்படி, நிகர லாபத்தில் 16 சதவீதம். அந்த லாபக் கணக்கை எழுதியதும் நிறுவனமேதான்! அடுத்த பகுதியில் இதையும் கொஞ்சம் எழுதுங்கள்.