தராசு முள்ளும் மலை ரயிலும்

போன ஆடி மாதம் ஒரே வாரத்தில் இரண்டு ஓவியங்களை இங்கே போட்டேன். ஒன்று, ரன்னிமேடு பக்கம் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வெளியே வரும் மலை ரயில். நீலப் பெட்டிகள், வெள்ளைப் புகை, பின்னால் கரும்பச்சைக் காடு. ஒரே மதியத்தில் முடித்த படம். இன்னொன்று, குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சாயங்காலம் இலை எடை போடும் கொட்டகை. மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தது. ரயிலை நான்கு நாளில் 11 ஆயிரம் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். கொட்டகையைப் பார்த்தவர்கள் 140 பேர்.

வருத்தமாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்தேன். முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். ரயிலைப் பார்த்து, "அழகா இருக்கு பாப்பா" என்றார். கொட்டகைப் படத்துக்கு வந்ததும் பேச்சில்லை. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, தராசு முள்ளுக்குக் கிட்டே கொண்டுபோய் நிறுத்தி, "கழிவு எவ்வளவு போட்டான்?" என்று கேட்டார்.

கழிவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழை நாளில் இலையோடு தண்ணீரும் சாக்கில் ஏறும். அந்த ஈரத்துக்கும் சாக்கின் கனத்துக்கும் சேர்த்துச் சில கிலோவைக் கழித்துத்தான் நோட்டில் எழுதுவார்கள். ஈரம் இருப்பது உண்மைதான். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் சண்டை. அம்மா வேலை செய்த தோட்டத்தில் வெயில் நாளிலும் அந்தக் கிலோக்கள் போய்க்கொண்டே இருந்தன. அதனால் சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் வரிசையில் நிற்கிற அத்தனை பெண்களின் கண்ணும் முள்ளுக்குப் போகும். நான் வரைந்தது அந்த நொடியைத்தான். சாக்கை மாட்டிய பெண் முள்ளைப் பார்க்கிறாள், எழுதுகிறவர் நோட்டைப் பார்க்கிறார்.

அம்மாவுக்கு அது ஒரு வினாடியில் புரிந்தது. முகநூலில் இருப்பவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று கேட்பது நியாயமில்லை. அவர்களுக்கு அந்தப் படம் ஒரு கொட்டகை, நாலு பேர், கொஞ்சம் இருட்டு. ரயிலுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. குன்னூர் வரை 1899லும் ஊட்டி வரை 1908லும் வந்த ரயில், 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. எத்தனை சினிமாப் பாட்டில் பார்த்திருக்கிறோம், எத்தனை காலண்டரில் பார்த்திருக்கிறோம்! பள்ளிச் சுற்றுலாவில் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டவர்கள் எத்தனை பேர். என் படத்தைப் பார்க்கும் முன்பே அந்த ரயில் அவர்கள் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் செய்தது அதை ஞாபகப்படுத்தியது மட்டும்தான்.

ஆன்லைனில் ஒரு படம் நிறையப் பார்க்கப்படுவதற்கு முதல் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள்.

அடுத்த காரணம், ஃபோன். 22க்கு 15 அங்குலத் தாளில் வரைந்ததை உள்ளங்கை அகலக் கண்ணாடிக்குள் காட்டுகிறோம். அதையும் ஓடுகிற விரல் ஒரு வினாடிக்கு மேல் பார்ப்பதில்லை. அந்த ஒரு வினாடியில் கண்ணில் விழுவது பளிச்சென்ற நிறமும், ஒரு முகமும், தெளிவான வெளிக்கோடும்தான். கொட்டகையின் உள்இருட்டை நான் நீலமும் பழுப்பும் கலந்து ஐந்தாறு தடவை மெல்ல மெல்ல ஏற்றியிருந்தேன். படம் பிடித்துப் பதிவேற்றியதும் ஃபோனில் அது ஒரே கறுப்பாகத் தெரிந்தது. என் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் அந்தக் கறுப்புக்குள் போய்விட்டது.

எங்கள் மலையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. தோடர் பழங்குடிப் பெண்களின் எம்பிராய்டரியைப் படம் பிடித்துப் போட்டுப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல், கோடு கோடாக வடிவம். எவ்வளவு சின்னதாக்கினாலும் எடுப்பாக நிற்கும். அந்தப் பெண்கள் துணியில் எதையும் முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை, இழைகளை எண்ணி எண்ணித்தான் தைக்கிறார்கள். 2013ல் புவிசார் குறியீடு கிடைத்த கைவேலை. அதைப் பார்க்கிறவர்கள் ஷேர் செய்வதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கோத்தகிரிக்குக் கீழே வெள்ளரிக்கொம்பையில் ஆலுக் குறும்பர் பழங்குடியினர் வரையும் படங்களை அதே ஃபோனில் பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது. வேங்கை மரப் பிசின், மண், இலைச்சாறு இவற்றால் வரைகிறார்கள். ஒரு பெரிய பாறை முகடு, அதில் கொடி ஏணியில் தொங்கித் தேன் எடுக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான் படம். ஆளைச் சின்னதாகப் போட்டால்தான் பாறையின் உயரம் தெரியும். ஃபோனில் அந்த ஆள் எள்ளளவு ஆகிவிடுகிறார். பாறை வெறும் பழுப்புத் தாளாகத் தெரிகிறது. நேரில் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது, கீழே பள்ளம் இருப்பது போலவே இருந்தது. இரண்டுமே இந்த மலையின் பெரிய கலைகள். ஒன்று இந்தக் கண்ணாடிக்குப் பொருந்துகிறது, ஒன்று பொருந்தவில்லை. இதை வைத்து எது உயர்ந்தது என்று முடிவு கட்டினால் நாம் பெரிய தப்புச் செய்கிறோம்.

எந்த நேரத்தில் போடுவது, என்ன ஹேஷ்டேக் என்பதெல்லாம் இருக்கட்டும், அவை சின்ன விஷயம். ரீல் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். ஓவியத்தின் ஓரத்தில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை உரித்து எடுக்கும் வீடியோவுக்குக் கிடைக்கும் பார்வைகள் முழு ஓவியத்துக்குக் கிடைப்பதில்லை. டேப் முழுசாக உரியும் வரை காத்திருக்கத் தோன்றும், அந்தக் காத்திருப்பு செயலியின் கணக்கில் ஏறும். இன்ஸ்டாகிராம் 2016ல் நேர வரிசையை விட்டுவிட்டு, யாருக்கு எது பிடிக்கும் என்று தானே கணித்து அடுக்க ஆரம்பித்தது. அதிலிருந்து, ஆரம்பத்தில் கொஞ்சம் பேர் நின்ற இடத்துக்கு இன்னும் கூட்டத்தை அனுப்புவதே வழக்கமாகிவிட்டது.

கூட்டம் கூட்டத்தைச் சேர்க்கும் என்பது சந்தையில் நாம் பார்ப்பதுதான். அதைப் பரிசோதித்தும் காட்டியிருக்கிறார்கள். சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அதிகம் அறியப்படாத 48 பாடல்களைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாடலை மட்டும் காட்டினார்கள். மற்றவர்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, அந்தந்தக் குழுவில் எத்தனை பேர் எதை டவுன்லோட் செய்தார்கள் என்பதையும் சேர்த்துக் காட்டினார்கள். 2006ல் சயின்ஸ் இதழில் முடிவு வந்தது. ஒரு குழுவில் மேலே போன பாட்டு இன்னொரு குழுவில் கீழே கிடந்தது. ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவது அபூர்வம், ரொம்ப மோசமானது உச்சிக்கு வருவதும் அபூர்வம். நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலைமை. நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்த நடுவில்தான் இருக்கிறோம். முதல் நாள் இருபது பேர் பார்க்கவில்லை என்பதால் தூரிகையைக் கழுவி வைத்துவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் இன்னொரு கதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சில் குஸ்தாவ் கைய்யபோத் என்று ஒரு ஓவியர், வசதியானவர். மோனே, ரெனுவார், பிஸ்ஸாரோ போன்ற நண்பர்களின் படங்களுக்கு மதிப்பில்லாத காலத்தில் அவற்றை வாங்கிச் சேர்த்தார். 1894ல் இறந்தபோது எல்லாவற்றையும் அரசுக்கு எழுதி வைத்திருந்தார். அரசு ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. அருங்காட்சியகச் சுவருக்குப் போன அந்தப் படங்கள் பிறகு புத்தகம் புத்தகமாக அச்சாயின. கார்னெல் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் கட்டிங், எந்தப் படம் எத்தனை புத்தகத்தில் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். அதிகம் அச்சான படம் எதுவோ அதையே மாணவர்களும் அதிகம் விரும்பினார்கள். பிறகு ஒரு வகுப்பில், அதிகம் அச்சாகாத படங்களை அவர் ஒரு வார்த்தை விளக்கம்கூடச் சொல்லாமல் அடிக்கடி திரையில் காட்டி வந்தார். பருவம் முடிந்தபோது, பிரபலமான படங்கள்மேல் இருந்த அந்தக் கூடுதல் விருப்பம் காணாமல் போயிருந்தது. 2003ல் வெளியான ஆய்வு இது.

அப்படியானால் எதைத் திரும்பத் திரும்பக் காட்டினாலும் பிடித்துவிடுமா? எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதையும் சோதித்தார்கள். தாமஸ் கின்கேட் என்ற அமெரிக்கரின், ஜன்னலெல்லாம் ஒளி வழியும் குடிசைப் படங்களை மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பார்க்கப் பார்க்க அந்தப் படங்கள்மேல் விருப்பம் குறைந்தது. கூடவே காட்டிய, ஜான் எவரெட் மில்லே என்ற ஆங்கில ஓவியரின் படங்களுக்கு அப்படி நடக்கவில்லை. 2013ல் இதைப் படித்தபோது என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. முதல் பார்வையில் தோற்ற படத்துக்கு நாலாவது பார்வையில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. முதல் பார்வையில் மயக்குகிற படத்துக்கும் நாலாவது பார்வை என்று ஒரு பரீட்சை இருக்கிறது.

அதனால் கொட்டகைப் படத்தை நான் விடவில்லை. இரண்டாவது முறை, கழிவு என்றால் என்ன என்று நாலு வரி எழுதிப் போட்டேன். மூன்றாவது முறை தராசை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டேன். நாலாவது முறை பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் படம் பிடித்தேன், இருட்டுக்குள் இருந்த நீலம் கொஞ்சம் தெரிந்தது. பார்வைகள் 140லிருந்து 600 பக்கம் வந்தன. ரயிலுக்குக் கிட்டே வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. நாலாவது பதிவில் இலங்கையில் ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார்: "எங்க மடுவத்திலயும் இதேதான் தங்கச்சி. அந்தப் பிள்ளைக்கு எத்தன கிலோ வெட்டுனாங்க?" எடைக் கொட்டகையை அங்கே மடுவம் என்பார்கள். எங்கள் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருடமாகிறது! அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மூணுன்னு எழுது" என்றார்.

இந்த ஞாயிறு காலையில் ஐந்தாவது முறை போடுகிறேன். முடிந்தால் ஃபோனில் பார்க்காமல் கொஞ்சம் பெரிய திரையில் பாருங்கள். வலது பக்கம் கொக்கிக்கு மேலே வட்டத் தராசு இருக்கும். முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் படிக்கிற மாதிரிதான் வரைந்திருக்கிறேன்.