தாம்பரத்துக் கடைக்குத் தீவுத்திடலில் இடம் வேண்டும்

சென்னையில் உணவுத் திருவிழா என்று அறிவிப்பு வந்தால் கடைகளின் பட்டியலைப் பாருங்கள். தி.நகர், அண்ணா நகர், நுங்கம்பாக்கம், மயிலாப்பூர். கூடவே ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய பெயர்கள். பல்லாவரம், ஆவடி, குன்றத்தூர், செங்குன்றம் பக்கத்துக் கடைகள் அதில் அபூர்வம். அவற்றையும் சேர்த்தே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ‘யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்’ என்று ஒரு வரி போட்டால் சேர்த்ததாகாது. தாம்பரத்திலிருந்து, இத்தகைய விழாக்கள் நடக்கும் நகர நடுவிலுள்ள தீவுத்திடலுக்குக் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு ஒரு செலவு உண்டு. அதை யார் ஏற்பது என்று முடிவு செய்யாமல் அழைப்பது, அழைக்காமலே இருப்பதற்குச் சமம்.

எது சென்னை, எது புறநகர் என்ற கேள்விக்கு எல்லைக்கோடு பதில் சொல்லாது. 2011 வரை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர். அந்த ஆண்டு 426 ஆனது. அம்பத்தூரும் வளசரவாக்கமும் ஆலந்தூரும் அப்போதுதான் உள்ளே வந்தன. இன்றைக்கு நங்கநல்லூர் சென்னை மாநகராட்சி. ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளியிருக்கும் பல்லாவரம், 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சி. சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கோடு தெரியாது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. அதில் தினம் வந்து போகிறவர்களுடைய ஊரைத்தான் சென்னை என்கிறோம்.

பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. மஞ்சள் சோறும் கோஃப்தா குழம்பும், கிறிஸ்துமஸுக்குக் குல்குல் என்ற இனிப்பும் அவர்கள் வீட்டுச் சமையல். வளசரவாக்கம், போரூர் வட்டாரத்தில் ஈழத்தமிழர்கள் இருப்பதால் அங்கே பிட்டும் சொதியும் கொத்துரொட்டியும் கிடைக்கும். இவை இல்லாமல் ‘சென்னையின் சுவை’ என்று பதாகை கட்டுவது அரைகுறை வேலை. 2024 டிசம்பரில் மெரினாவில் நடந்த உணவுத் திருவிழாவுக்கு வெளிமாவட்டங்களிலிருந்து மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வந்து கடை போட்டன. கரூர் வரலாம் என்றால் குன்றத்தூர் எப்படித் தூரமாகும்?

இனி நடைமுறைக்கு வருவோம். முதல் முட்டுக்கட்டை காகிதம். உணவுப் பாதுகாப்புப் பதிவு கடை இருக்கும் முகவரிக்குத்தான். தற்காலிகக் கடை போடுபவரும் தனியே பதிய வேண்டும். தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம், குன்றத்தூர் காஞ்சிபுரம் மாவட்டம். ஒவ்வொன்றுக்கும் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் வேறு. திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஏற்பாட்டாளர் போன் செய்தால், ஒரு சின்னக் கடை முதலாளி எந்த அலுவலகத்துக்கு ஓடுவார்? ஏற்பாட்டாளர்கள் இரண்டு மாதம் முன்பே அறிவித்து, தாம்பரத்திலும் ஆவடியிலும் ஒவ்வொரு நாள் முகாம் போட்டு, படிவத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். இதில் பெரிய செலவு எதுவும் இல்லை.

பெரிய செலவு சமையல் மாஸ்டர். இதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. கிளைகள் உள்ள நிறுவனத்துக்கு மையச் சமையலறை இருக்கிறது; கிளைக்கு ஒருவராக நாலு பேரை எடுத்தால் ஸ்டால் நடக்கும். புறநகர்க் கடையில் பெரும்பாலும் ஒரே மாஸ்டர். அவர் வெள்ளி, சனி, ஞாயிறு தீவுத்திடலில் நின்றால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். வாரத்தில் நல்ல வியாபாரம் நடக்கும் நாட்களே அவைதான். ஸ்டால் வாடகை, முன்பணம், குட்டி யானை (சிறு சரக்கு வண்டி) வாடகை எல்லாவற்றையும் விட இந்த இழப்புதான் அவர்களைத் தடுக்கிறது. வாடகையில் பாதி தள்ளுபடி என்றால்கூட வரமாட்டார்கள். ஒரு ஸ்டாலை மூன்று கடைகளுக்குப் பிரித்து, கடைக்கு ஒரு நாள் என்று கொடுத்தால் வருவார்கள். அடுப்பு, மேசை, 19 கிலோ வணிக சிலிண்டர், தண்ணீர் எல்லாம் ஸ்டாலிலேயே நிலையாக இருக்கட்டும். கடைக்காரர் சரக்கும் ஆளுமாக வந்தால் போதும். மொத்த ஸ்டால்களில் மூன்றில் ஒரு பங்கை இப்படி ஒதுக்கலாம்.

அடுத்தது சாப்பாடு. அங்கிருந்து சமைத்து எடுத்து வந்து இங்கே சூடுபடுத்தினால் அந்தக் கடையின் பெயர் கெடும். தம் பிரியாணியைத் தேக்சாவோடு (பெரிய சமையல் அண்டா) வண்டியில் ஏற்றினால் வழியெங்கும் குலுங்கி, அடியில் இருக்கும் அரிசி உடைந்து குழையும். ஆவி மூடியில் தண்ணீராகி மேலே சொட்டும். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெரிய தேக்சா மூடியிருக்கும்வரை சூடு நிற்கும். அதைச் சின்னப் பாத்திரங்களுக்கு மாற்றியதும் மளமளவென்று இறங்கிவிடும். அதனால் கறி மசாலாவை மட்டும் கடையில் முடித்துக் கொண்டுவந்து 75 டிகிரிக்குமேல் மறுபடி கொதிக்கவிட்டு, அரிசியைத் திடலிலேயே வடித்து, தம்மும் அங்கேயே போட வேண்டும். மூடிமேல் கரி நெருப்புக்கு அனுமதி இல்லையென்றால், கனத்த பாத்திரத்தில் கொதிக்கும் நீரை மேலே வைத்து, அடியில் தோசைக்கல் போட்டு 25 நிமிடம் விட்டால் சரியாக வரும்.

அளவு: 10 கிலோ அரிசி, 10 கிலோ மட்டன் போட்டால் ஏறத்தாழ 35 கிலோ பிரியாணி. 200 கிராம் தட்டாகக் கொடுத்தால், அடிபிடித்தது போக 160 தட்டு தேறும். முழுத்தட்டு கொடுத்தால் அதில் பாதிதான். சுற்றிப் பார்த்து நாலு கடையில் சாப்பிட வருபவருக்குச் சின்னத் தட்டுதான் ஏற்றது; விலையும் எட்டும்.

தோசைக் கடைக்கு வேறு சிக்கல். புளித்த மாவை விளிம்புவரை ஊற்றி ஏற்றினால் வெயிலில் பொங்கி வழியும், மாலைக்குள் அதிகமாகப் புளிக்கும். கேனில் பாதிக்குமேல் ஊற்றக் கூடாது. சுற்றிலும் ஐஸ் வேண்டும். தேங்காய்ச் சட்னியை வந்த இடத்தில் அரைப்பதே நல்லது. ஒரு கல்லில் ஆறு தோசை, நாலு நிமிடம் என்றால் மணிக்கு 90. கூட்ட நேரத்தில் ஒரு கல் போதாது. இரண்டாவது கல்லுக்கும் சட்னி மிக்ஸிக்கும் இடமும் மின்சாரமும் பத்துக்குப் பத்து ஸ்டாலில் முன்கூட்டியே ஒதுக்கியிருக்க வேண்டும். ஒரே பிளக்கில் மிக்ஸி, ஃப்ரீசர், விளக்கு எல்லாவற்றையும் செருகினால் கூட்ட நேரத்தில் ஃபியூஸ் போகலாம். ஃப்ரீசரில் இருக்கும் மீன் அதோடு கெடும்.

தாம்பரத்துக்குத் தனியாக ஒரு திருவிழா நடத்தினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நடத்தட்டும், நல்லதுதான். ஆனால் அதற்குத் தாம்பரத்துக்காரர்கள்தான் வருவார்கள். அந்தக் கடைகளை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ராயபுரத்திலும் பெரம்பூரிலும் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நடுவில் ஓர் இடத்தில் சந்திக்க வேண்டும். புறநகர்க் கடைகளைச் சேர்த்தால் தரம் குறையும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. விண்ணப்பித்த கடைக்கு ஏற்பாட்டாளர்கள் நேரில் போய், சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். நகரத்துக் கடைகளுக்கும் அதே சோதனை இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பது அளவுகோலாக இருக்கக் கூடாது.

கடைசியாக ஒரு சின்ன வேலை, யாரும் செய்வதில்லை. ஸ்டால் பலகையில் கடைப் பெயருக்குக் கீழே ஊர், அருகிலுள்ள ரயில் நிலையம், அங்கிருந்து நடக்கும் தூரம், வார விடுமுறை, பிரியாணி எத்தனை மணிக்குத் தீரும் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். சாப்பிட்டுப் பிடித்துப்போனவர் அடுத்த ஞாயிறு ரயில் ஏறிப் போகவேண்டுமே.